ஊருக்கு ஏற்ற நாற்காலி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - தாவரவியல்)

மரச்சாமான் கடை விளம்பரங்களில் ‘ஆடம்பரம்’ என்னும் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளக்கும் மேசை, உட்கார்ந்தால் ஆளையே விழுங்கிவிடும் சோபா, தங்க முலாம் பூசிய கால்கள். அவற்றில் இப்போது ஒரு புதுமையையும் காண்கிறோம். அந்தச் சாமான்களுக்குப் பின்னே மாநகர மாளிகைக்குப் பதிலாகப் பச்சை வயலும் பனைமரமும் ஓட்டு வீடும் தெரிகின்றன. நகரத்தில் பொருள் ஈட்டியவர்கள் கிராமத்தில் பண்ணை வீடு கட்டுகிறார்கள். கிராமத்தின் அமைதியும் வேண்டும், நகரத்தின் சொகுசும் வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று சேருமா? சேரும் என்றால் எந்த நிபந்தனையில் சேரும்? ஒரு தச்சரின் மகன் என்ற முறையிலும், தாவரவியல் படிப்பவன் என்ற முறையிலும் இந்தக் கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. அதைப் பற்றிச் சில எண்ணங்களை இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் பிரம்மதேசம். தமிழகத்தில் இப்பெயரில் பல ஊர்கள் உண்டு. இராசேந்திர சோழன் மறைந்த இடமாகச் சொல்லப்படும் பிரம்மதேசம் செய்யாற்றுப் பக்கம் உள்ளது, அது வேறு. எங்களுடையது விழுப்புரம் மாவட்டத்தில், எண்ணாயிரம், எசாலம் ஆகிய ஊர்களுக்கு அண்மையில் இருப்பது. பாதாளீசுவரர் கோயில், பிரம்மபுரீசுவரர் கோயில் என்று சோழர் காலத்துக் கற்றளிகள் இரண்டு இங்கே உண்டு. அவற்றைச் சுற்றி நெல், கரும்பு, மணிலா விளையும் நிலம். இந்த ஊரில் உளியோசை கேட்டுக்கொண்டே வளர்ந்தவன் நான்.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் இருந்த மரச்சாமான்களை எண்ணிவிடலாம். உட்கார ஒரு மணை. ஏறி நிற்க ஒரு முக்காலி. படுக்க ஒரு கயிற்றுக் கட்டில். வசதி உள்ள வீடாக இருந்தால் கூடத்தில் ஒரு ஊஞ்சலும் ஒரு சாய்வு நாற்காலியும். வாசலில் திண்ணை. இவ்வளவுதான். இதை வறுமை என்று மட்டும் கணக்கிட்டால் பாதிதான் விளங்கும். உண்பது, உறங்குவது, நெல் புடைப்பது, பூத்தொடுப்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் தரையில் நடக்கும் வீடு அது. ஒரே கூடம் காலையில் களமாகவும், பகலில் சமையற்கட்டின் நீட்சியாகவும், இரவில் படுக்கையறையாகவும் மாற வேண்டும். ஆகவே சாமான்கள் யாவும் ஒற்றை ஆள் தூக்கி நகர்த்தக் கூடியவையாக இருந்தன. கயிற்றுக் கட்டிலின் அடியில் காற்று புகும். சித்திரை மாதத்தில் வாசலுக்குத் தூக்கிச் சென்று போட்டுக்கொள்ளலாம். கயிறு தொய்ந்தால் வீட்டுப் பெரியவரே இழுத்துக் கட்டிவிடுவார். சட்டம் உடைந்தால் தெருக்கோடியில் தச்சர் இருப்பார்.

இனி ஒரு நிகழ்ச்சி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், எங்கள் பகுதியில் ஒருவர் பண்ணை வீடு கட்டினார். நல்ல மனிதர், ஊர்ப் பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுவார். வீட்டை முற்றம் வைத்து, ஓடு வேய்ந்து, திண்ணை எழுப்பிக் கிராமத்து முறையில் அழகாகக் கட்டியிருந்தார். உள்ளே போடுவதற்கு மட்டும் நகரத்திலிருந்து லாரியில் சாமான்கள் வந்து இறங்கின. சோபாவின் விலை மட்டும் 1,80,000 ரூபாய் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டது. வார நாள்களில் வீடு பூட்டிக் கிடக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகை முடிந்து அவர் வந்து கதவைத் திறந்தபோது மேசையின் மேல்தகடு ஓரங்களில் உரிந்து எழும்பியிருந்தது. அலமாரியின் அடிப்பலகை ஊறிய பிஸ்கட்டைப் போல் உப்பிவிட்டது. சோபாவின் மெத்தைக்குள் பூஞ்சை நாற்றம். என் தந்தையாருக்கு ஆள் அனுப்பினார். நானும் உடன் சென்றிருந்தேன்.

“ஆசாரி, இதைச் சரி பண்ண முடியுமா?” என்று அவர் கேட்டார்.

அப்பா அலமாரியின் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் தூளாக உதிர்ந்தது. “இதுல மரமே இல்லீங்களே ஐயா. இருந்தா இழைக்கலாம், சீவலாம், துண்டு போடலாம். இது தூளு. தூளை எப்படிங்க சரி பண்றது?” என்றார்.

அந்தச் சொல் என் மனத்தில் பதிந்துவிட்டது. வகுப்பில் மரத்தின் உள்ளமைப்பைப் படித்தபோது அதன் பொருள் இன்னும் தெளிவாயிற்று. வெட்டி இழைத்த பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. நீளவாட்டில் அதன் அளவு ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாட்டில் மாறும். அதிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் மாற்றம், நடுவிலிருந்து வெளிநோக்கிய ஆரத் திசையில் ஏற்படுவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. அதனால்தான் பலகை வளைகிறது, வெடிக்கிறது. அப்பாவுக்கு இந்தக் கணக்கு ஏட்டில் தெரியாது. ஆனால் கதவு செய்யும்போது நடுப்பலகையைச் சட்டத்தின் காடிக்குள் பசை போடாமல், சற்றே இடைவெளி விட்டுத்தான் நிறுத்துவார். “மழைக்கு அது கொஞ்சம் பெருக்கும் தம்பி. எடம் விடலைன்னா சட்டத்தை நெட்டித் தள்ளிப்புடும்” என்பார். எங்கள் பாடநூல் சொல்வதும் இதையேதான்.

மரத்தின் நடுவே கறுத்து இறுகிய பகுதியைத் தச்சர்கள் ‘சேகு’ என்றும் ‘வைரம்’ என்றும் சொல்வார்கள். வெளிப்புறத்து வெளிர்ப்பகுதி ‘வெள்ளை’. உயிருள்ள மரத்தில் நீரேற்றும் வேலையை வெள்ளை செய்கிறது. வேலை ஓய்ந்த உள்திசுக்களில் பலவகை வேதிப்பொருள்கள் சேர்ந்து சேகு ஆகிறது. வெள்ளையைக் கரையான் விரும்பும். தேக்கின் சேகை எளிதில் அண்டாது. மரத்தூளைப் பசையால் அழுத்தி மேலே மெல்லிய தகடு ஒட்டிய பலகையில் சேகு ஏது, வெள்ளை ஏது? குளிரூட்டிய அறையில் ஈரம் ஏறாமல் காத்தால் அது நன்றாகவே உழைக்கும். மழைக்காலம் முழுவதும் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டில் அதற்குப் பிழைப்பில்லை. பொருளின் விலை உயர்வுதான். ஆனால் அந்தப் பொருள் எங்கள் ஐப்பசியை அறியாது.

அப்படியானால் ஆடம்பரத்துக்கும் கிராமத்துக்கும் ஆகாது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதற்குச் செட்டிநாடே சான்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பர்மா, இலங்கை, மலேயா முதலிய நாடுகளில் வாணிகம் செய்த நகரத்தார், ஈட்டிய செல்வத்தைத் தம் கிராமங்களுக்கே கொண்டுவந்து மாளிகைகளாக எழுப்பினர். பர்மாத் தேக்கில் தூண்களும் கதவுகளும் ஊஞ்சல்களும் செய்தனர். இத்தாலியப் பளிங்கும் ஐரோப்பியக் கண்ணாடிகளும் கப்பலேறி வந்தன. உலகின் நான்கு மூலைப் பொருள்களும் வந்து சேர்ந்தும் அந்த வீடுகள் அந்நியமாகத் தோன்றவில்லை. காரணம், வெயிலுக்கேற்ற முற்றமும், உறவினர் கூடும் கூடமும், சுண்ணாம்புச் சாந்துச் சுவரும் அங்கே முதலில் இடம் பிடித்திருந்தன. வந்த தேக்கை வேலைப்பாடாக மாற்றியவை நம் நாட்டுத் தச்சர்களின் கைகளே.

பின்னர் 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்தச் செல்வப் பெருக்கு அடிபட்டது. பல மாளிகைகள் பராமரிக்க ஆளின்றிப் பிரிக்கப்பட்டன. அவற்றின் தூண்களும் நாற்காலிகளும் பெட்டிகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. இன்று உடைந்த ஒரு பெல்ஜியக் கண்ணாடிக்கு மாற்று அந்த ஊரில் கிடைக்காது. ஆனால் ஆத்தங்குடித் தளக்கல்லை எண்ணிப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மீது சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்துக் கையால் செய்யும் கல் அது. அவ்வூரில் இன்றும் செய்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் தேடிவந்து வாங்குகிறார்கள். ஒரு கல் பெயர்ந்தால் இன்னொரு கல் வார்த்துப் பதிக்கலாம். வாங்கி வந்த ஆடம்பரம் நினைவுச் சின்னமாயிற்று. ஊரில் விளைந்த ஆடம்பரம் தொழிலாக நின்றது.

எங்களுக்கு இன்னும் அருகில் உள்ள சான்று புதுச்சேரியில் இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதியாகிய ‘கோல்கொண்டா’ கட்டடம் 1930களின் பிற்பகுதியில் தொடங்கி 1940களில் நிறைவு பெற்றது. ஐதராபாத் சமஸ்தானத்தின் திவானாக இருந்த சர் அக்பர் ஐதரி அளித்த நன்கொடையின் நினைவாக அப்பெயர் ஏற்பட்டது. வரைந்தவர் ஜப்பானில் பணியாற்றிய அந்தோனின் ரேமண்ட். அவருடன் செக் நாட்டவரான சாம்மர் என்பவரும், ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் 1905இல் பிறந்த ஜார்ஜ் நகாஷிமா என்ற இளைஞரும் புதுச்சேரியில் தங்கிப் பணிபுரிந்தனர். நகாஷிமாவுக்கு அரவிந்தர் ‘சுந்தரானந்தா’ என்று பெயர் சூட்டினார். 1939இல் அவர் இங்கிருந்து புறப்பட்டார். பிற்காலத்தில் அமெரிக்காவின் தலைசிறந்த மரச்சாமான் கலைஞர்களில் ஒருவராகப் போற்றப்பட்ட அவர், தம் தொடக்ககால மரச்சாமான்களை வடிவமைத்தது இந்தக் கோல்கொண்டாவின் அறைகளுக்காகவே.

நான் அந்தக் கட்டடத்தைத் தெருவில் நின்றுதான் பார்த்தேன். முகப்பு முழுவதும் வரிசை வரிசையாகத் திறந்து மூடும் கிடைப்பட்டைகள். வெயிலையும் மழையையும் தடுத்துக் கடற்காற்றை மட்டும் உள்ளே விடும் ஏற்பாடு. அறைக்கும் நடைக்கும் இடையிலோ இடைவெளி விட்ட தேக்குச் சட்டக் கதவுகள். அறையினுள் கட்டில், மேசை, நாற்காலி எல்லாம் எளிய தேக்கு வேலை என்று படங்களில் பார்க்கிறோம். முலாம் இல்லை, பூவேலை இல்லை. பித்தளைப் பிடிகளும் பூட்டுறுப்புகளும் கூட ஆசிரமத்துப் பட்டறையிலேயே வார்க்கப்பட்டன. கடற்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும், பித்தளை தாங்கும். உலகத் தரத்துக் கட்டடக் கலைஞர்கள் வரைந்தது; உள்ளூர்ப் பட்டறை செய்தது. 80 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கட்டடம் அதே பயனுக்காக நிற்கிறது. இதைவிடப் பெரிய ஆடம்பரம் என்ன இருக்க முடியும்?

நகாஷிமாவின் பிற்கால வாழ்விலிருந்தும் நாம் கற்பதற்கு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜப்பானிய வமிசத்தவர் என்ற ஒரே காரணத்தால் அவரைக் குடும்பத்தோடு அமெரிக்க அரசு தடுப்பு முகாமில் அடைத்தது. பட்டம் பெற்ற கட்டடக் கலைஞராகிய அவர், அங்கே இருந்த ஒரு ஜப்பானியத் தச்சரிடம் மாணவராக அமர்ந்து மரவேலையின் நுட்பங்களைக் கற்றார். பின்னாளில் அவர் செய்த மேசைகளில் மரத்தின் இயற்கையான வளைந்த ஓரத்தை அப்படியே விட்டுவைத்தார். பலகையில் வெடிப்பு இருந்தால் அதை வெட்டி எறியாமல், வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையொன்றைக் குறுக்கே பதித்து வெடிப்பு மேலும் ஓடாமல் நிறுத்தினார். வெடிப்பும் அழகாயிற்று, மரமும் பிழைத்தது. படித்தவர் ஒருவர் தச்சரின் காலடியில் கற்றதால் விளைந்த கலை அது.

இதற்கு நேர்மாறான கதை சண்டிகரில் நடந்தது. 1950களில் அந்தப் புதிய தலைநகரம் எழுந்தபோது, பியர் ஜீன்னரே என்ற சுவிஸ் நாட்டுக் கலைஞரின் தலைமையில் அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக்கணக்கான நாற்காலிகள் செய்யப்பட்டன. இந்திய மரம், இந்தியத் தச்சர், இந்தியக் கோடைக்கேற்ற பிரம்புப் பின்னல். காலப்போக்கில் பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. பின்னிக் கொடுக்கவும் ஆணி இறுக்கவும் ஏற்பாடு செய்யாமல் அவற்றை மொட்டை மாடிகளில் குவித்து, கழிவுப் பொருளாக ஏலம் விட்டார்கள். வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிச் சென்று பழுது பார்த்தார்கள். இன்று ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் அதே நாற்காலிகள் இலட்சக்கணக்கான ரூபாய்க்கு விலை போகின்றன. குமாஸ்தா உட்கார்ந்த நாற்காலி செல்வர் வீட்டு அலங்காரம் ஆகிவிட்டது. நாம் எறிந்ததற்கும் அவர்கள் பெற்றதற்கும் இடையே இருந்தது சில நாள் பழுது வேலைதான்.

இவற்றையெல்லாம் சேர்த்து எண்ணும்போது எனக்கு ஒரு தெளிவு பிறக்கிறது. ஒரு பொருள் கிராமத்துக்குப் பொருந்துமா என்பதைப் பார்வையால் அளக்க முடியாது. பாய் நிறத்தில் துணி போர்த்திவிட்டால் சோபா கிராமத்துச் சாமான் ஆகிவிடாது. அந்த ஊரின் கைகளால் அதைப் பழுது பார்க்க முடியுமா? இதுவே அளவுகோல். பழுது பார்க்க முடிய வேண்டுமானால் அது திடமான மரமாக இருக்க வேண்டும். மூட்டுகள் பிரித்துச் சேர்க்கத் தக்கவையாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழுது பார்க்கும் கைகள் ஊரில் இருக்க வேண்டும். கைகள் இருக்க வேண்டுமானால் அவற்றுக்கு வேலையும் தகுந்த கூலியும் வேண்டும்.

பண்ணை வீட்டுக்காரர் அந்த மழைக்குப் பிறகு திண்ணைக்கு ஒரு நீள விசிப்பலகை செய்து தரும்படி அப்பாவைக் கேட்டார். அப்பா பழைய வீடு பிரித்த தேக்கு உத்தரம் ஒன்றைத் தேர்ந்தார். மரம் 14,000 ரூபாய். 12 நாள் கூலி 13,200. மெருகும் மற்றவையும் 1,800. ஆக 29,000 ரூபாய் என்று கணக்குச் சொன்னார். “கிராமத்துல செய்யற பெஞ்சுக்கு இவ்வளவா?” என்றார் அவர். கடைச் சோபாவுக்கு அவர் பேரம் பேசியிருக்க மாட்டார். அப்பா கோபிக்கவில்லை. “மரத்துக்குக் கிராமம், பட்டணம்னு தெரியாதுங்க ஐயா. உளிக்கும் தெரியாது. எங்க பேரனும் உங்க பேரனும் பொறந்து வந்தாலும் இது ஆடாது. ஆடினா கூப்பிடுங்க, வந்து ஆப்பு வெச்சுத் தரேன்” என்றார்.

அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். துளையடித்து, நாக்கை இறக்கி, மூங்கில் ஆணி அடித்து, உட்காரும் இடத்தில் காற்றோட இடைவெளி விட்டுச் சட்டங்கள் பதித்துச் செய்த பலகை அது. எண்ணெய் மெருகு மட்டுமே; பூவேலை ஒன்றும் இல்லை. இரண்டு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. இப்போது சாப்பாட்டு மேசைக்கும் சொல்லியிருக்கிறார். இந்த முறை விலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

ஆனால் என் கவலை இதோடு தீரவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். உளியைக் கையில் எடுக்காத முதல் ஆளும் நானே. என் பாட்டனார் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தார். அப்பா என்னைப் படிக்க அனுப்பினார். “இந்தக் கஷ்டம் என்னோட போவட்டும்” என்பது அவர் வாய்ச்சொல். கஷ்டத்தோடு கலையும் போய்விடுமே என்று நான் கேட்டதில்லை; கேட்டால் அதற்கு அவர் பதில் சொல்ல வேண்டியவரும் அல்லர். தச்சனுக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைக்காத ஊர் சொல்ல வேண்டிய பதில் அது. எங்கள் பக்கத்தில் அப்பாவைவிட இளைய தச்சர்கள் பலர் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் போய், ஒட்டுப்பலகை அறுத்து மைக்கா ஒட்டுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. அங்கே நாள்தோறும் வேலை இருக்கிறது.

பழைய விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து 2019இல் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. சிற்பத்துக்குக் கிடைத்த மதிப்பு, ஆடாத நாற்காலிக்கும் பெருக்காத கதவுக்கும் கிடைக்க வேண்டும். தெய்வ உருவைச் செதுக்குவது கலை என்றால், மழையில் இறுகாத கதவைச் செய்வதும் கலையே.

எங்கள் ஊருக்குப் பக்கத்து எண்ணாயிரத்தில் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கே நடந்த கல்லூரியில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்ததையும், அவர்களுக்கு நாள்தோறும் அளக்க வேண்டிய நெல்லையும் அது குறித்து வைத்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் படித்தவர்களின் படி நெல் நமக்குத் தெரிகிறது. ஆனால் ஒரு கதவுச் சட்டத்தின் காடி எத்தனை நூல் ஆழம் இருக்க வேண்டும், வேப்ப மரத்தை எந்த மாதம் வெட்ட வேண்டும், வாகையை எத்தனை நாள் நிழலில் உலர்த்த வேண்டும் என்பவை எந்தக் கல்லிலும் இல்லை. அவை அப்பாவைப் போன்றோரின் விரல்களில் இருக்கின்றன.

சென்ற கோடை விடுமுறையிலிருந்து நான் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். இடப்பக்கத்தில் அப்பா சொல்லும் மரத்தின் பெயர், அதன் குணம், அவர் கொடுக்கும் அளவு. வலப்பக்கத்தில் அந்த மரத்தின் தாவரவியல் பெயரும் உள்ளமைப்பும். பூவரசு, வாகை, வேம்பு, பலா, தேக்கு என ஐந்து மரங்கள் முடிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் விரற்கடை அளவு சில்லு ஒன்றை அறுத்துத் தந்திருக்கிறார். நம் துறை நுண்ணோக்கியில் அவற்றை வெட்டிப் பார்க்க ஆசிரியர் இசைவு அளித்துள்ளார். “நான் கண்ணால பார்த்ததை நீ கண்ணாடியில பார்க்கிறியா?” என்று அப்பா சிரித்தார்.

நண்பர்களே! நம்மில் பலர் கிராமத்திலிருந்து வந்தவர்கள். நாளை பணியில் அமர்ந்து நாமும் வீடு கட்டுவோம். நல்ல சாமான் வாங்க வேண்டும் என்ற ஆசை நமக்கும் வரும். அந்த ஆசையில் தவறில்லை. வாங்கும் முன், இது என்ன மரம், செய்தது யார், ஆடினால் யாரைக் கூப்பிடுவது என்று மூன்று கேள்வி கேட்போம். மூன்றாவது கேள்விக்குப் பதிலாக நம் ஊர்க்காரர் ஒருவரின் பெயர் வருமானால், அந்தப் பொருள் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும் நம் ஊருக்குப் பொருந்தும். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம்.